ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு
யாழ்ப்பாணத்து அடுப்படியிலிருந்து நமக்கு ஒரு பாடம்



சம்பளம் போட்ட அன்று லயத்து வாசலில் கறி வாசம் வரும். ஐந்தாறு நாளைக்குப் பிள்ளைகள் கையில் பிஸ்கட் பக்கெட் இருக்கும். மூன்றாம் கிழமை வந்தால் காலையிலும் ரொட்டி, இரவிலும் ரொட்டி. நாலாம் கிழமையில் "கடையில நம்ம கணக்குல எழுதிட்டு வா" என்று பிள்ளையை அனுப்புகிறோம். அடுத்த சம்பளம் கைக்கு வருமுன்பே அதில் ஒரு பங்கு கடைக்காரரின் கொப்பியில் ஏறிவிடுகிறது. இதை நாம் யாருக்கும் குற்றமாகச் சொல்லவில்லை. நலன்புரி உத்தியோகம் பார்க்கிற எங்கள் வீட்டிலும் இது நடந்திருக்கிறது.

கொஞ்சப் பணத்தில் ஒரு மாதத்தை ஓட்டுவது எப்படி? அதைப் பற்றித்தான் இந்தப் பாடம். ஒரு மாதம் அல்ல, நாலைந்து வருடம் அப்படி ஓட்டிய சனங்கள் நம் நாட்டிலேயே இருக்கிறார்கள். முதலில் அவர்களுடைய கதையைப் பார்ப்போம். பிறகு நம்ம லயத்துக்கு வருவோம்.

யாழ்ப்பாணத்தில் நடந்தது

1990 ஜூன் மாதம் வடக்கில் மறுபடியும் போர் மூண்டது. அத்தோடு யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணம் போவது நின்றது. மின்சாரம் நின்றது. பெற்றோல், டீசல், பற்றறி, உரம், சீமெந்து என்று பல பொருட்களை வடக்கே கொண்டுபோக அரசாங்கம் தடை போட்டது. மற்றச் சாமான்களும் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் போயின. ஆனையிறவுப் பாதை மூடப்பட்ட பிறகு சனங்கள் கிளாலிக் கடலேரியை இரவு நேரத்தில் வள்ளத்தில் கடந்தார்கள். அந்தத் தண்ணீரில் உயிரை விட்டவர்களும் பலர். 1994-ல் புதிய அரசாங்கம் வந்த பின்புதான் தடை ஓரளவு தளர்ந்தது.

கடையில் சாமான் இல்லை. இருந்த சாமானுக்கு யானை விலை. அப்படியிருந்தும் சனங்கள் அடுப்பு மூட்டினார்கள், பிள்ளைகளைப் பள்ளிக்கூடம் அனுப்பினார்கள். எப்படி?

விளக்கு: மண்ணெண்ணெய் கிடைப்பது அரிது. ஒரு ஜாம் போத்தலுக்குள் பஞ்சு வைத்து, அதில் கொஞ்சமாக மண்ணெண்ணெய் விட்டு, சின்னத் திரி போட்டு எரித்தார்கள். வெளிச்சம் கம்மிதான். ஆனால் அந்தக் கொஞ்ச எண்ணெய் நெடுநேரம் நின்றது. பிள்ளைகள் அதைச் சுற்றி உட்கார்ந்து படித்தார்கள்.

பயணம்: சைக்கிள்தான் எல்லாம். மோட்டார் சைக்கிள் வைத்திருந்தவர்கள் சில சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்டார்ட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள்.

ரேடியோ: பற்றறி இல்லாததால் சைக்கிளைத் தூக்கி நிறுத்தி, டைனமோவில் வயர் கொடுத்தார்கள். ஒருவர் பெடல் மிதிக்க, மற்றவர்கள் செய்தி கேட்டார்கள்.

சீனி: வெறும் தேத்தண்ணீரைப் பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடித்தார்கள். அந்தத் தேத்தண்ணீர், மலையில் நம் கைகள் கிள்ளிய கொழுந்து என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக்கொள்வோம்.

சவர்க்காரம்: பனம்பழத்தைப் பிசைந்து துணி துவைத்தார்கள். இது அவர்களுடைய பாட்டிமார் காலத்து வழக்கம். தேவை வந்ததும் திரும்பி வந்தது.

தண்ணீர்: குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடுகிற ஆறு கிடையாது. எல்லாம் கிணறுதான். தண்ணீர் மெசினுக்கு எண்ணெய் இல்லாமல் போகவே, துலாவில் இறைத்து வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் விட்டார்கள்.

சாப்பாடு: பனங்கொட்டையைப் பாத்தியில் புதைத்தால் சில மாதத்தில் கிழங்கு விடும். அதைக் கிழித்துப் பச்சையாகக் காய வைத்தால் ஒடியல். அவித்துக் காய வைத்தால் புழுக்கொடியல். ஒடியலை இடித்து மாவாக்கி, தண்ணீரில் ஊறவைத்து வடித்து, கசப்பைப் போக்கிக் கூழோ பிட்டோ செய்வார்கள். கூழுக்குள் மீன், பயற்றங்காய், பலாக்கொட்டை, முருங்கையிலை என்று அன்றைக்குக் கிடைத்தது எல்லாம் போகும். பனையோலையில் பிளா கோலி, வீடு முழுவதும் சுற்றியிருந்து குடிப்பார்கள். ஒரு பானையில் மாச்சத்து, புரதம், கீரை மூன்றும் வந்துவிடுகிறது.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். எல்லோரும் ஒரே மாதிரி வாழவில்லை. வெளிநாட்டில் பிள்ளை இருந்த வீட்டுக்குப் பணம் வந்தது. யாரும் இல்லாத வீடும், இடம்பெயர்ந்து முகாமில் இருந்த வீடும் மிகவும் வாடின. மருந்து இல்லாமல் செத்தவர்களும் உண்டு. ஆகவே அந்தக் கஷ்டத்தை நாம் புகழவில்லை. அந்தக் கஷ்டத்திலும் அவர்கள் கைவிடாத ஒழுங்கைத்தான் பார்க்கிறோம்.

நாலு முடிச்சு

2016-ல் ஒரு பயிற்சிக்காக யாழ்ப்பாணம் போயிருந்தோம். கோண்டாவிலில் ஒரு வீட்டில் தங்கினோம். அந்த வீட்டு அம்மாவுக்கு எழுபது வயதுக்கு மேல். தடைக்காலத்தில் ஐந்து பிள்ளைகளை வளர்த்தவர். "அந்த நாளில் மாதத்தை எப்படி அம்மா ஓட்டினீர்கள்?" என்று கேட்டோம்.

"சங்கக் கடையிலை சாமான் எடுத்துவந்த அண்டைக்கே அரிசியை நாலாப் பிரிச்சுச் சீலைத் துண்டிலை கட்டிப்போடுவன், தம்பி. கிழமைக்கு ஒரு முடிச்சு. இந்தக் கிழமை முடிச்சு வேளைக்கு முடிஞ்சால் ஒடியல் கூழ்தான். மற்ற முடிச்சை அவிழ்க்க எனக்கே அனுமதியில்லை" என்றார்.

"பிள்ளைகளுக்கும் குறைத்தீர்களா?" என்று கேட்டோம்.

"அதெப்பிடி மோனை? எண்ணெயைக் குறைச்சம். சீனியை விட்டம். தீபாவளிக்குப் புது உடுப்பு எடுக்கேல்லை. பிள்ளையளுக்குக் கோழி போடுற முட்டையைக் குறைக்கேல்லை. விளக்குக்கு விடுற மண்ணெண்ணெயையும் குறைக்கேல்லை. சோதினைக்குப் படிக்கிற பிள்ளைக்கு விளக்கு வேணும்தானே."

இந்தப் பேச்சை அப்போது கேட்டுவிட்டு வந்துவிட்டோம். அதன் அர்த்தம் ஆறு வருடம் கழித்துத்தான் நமக்குப் புரிந்தது.

நாம் முயன்று தோற்றது

2022-ஐ யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். காஸுக்கு வரிசை, எண்ணெய்க்கு வரிசை. அந்த வருடம் ஆகஸ்டில் மண்ணெண்ணெய் ஒரு லீட்டர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஒரே நாளில் ஏறியது. செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி உணவு விலை முந்திய வருடத்தைவிட 94.9 வீதம் கூடியிருந்தது. அதாவது போன வருடம் 100 ரூபாவுக்கு வாங்கிய சாப்பாட்டுச் சாமானுக்கு ஏறக்குறைய 195 ரூபா.

நவம்பர் மாதம் எங்கள் வீட்டில் ஒரு முடிவு எடுத்தோம். சம்பளத்தில் பாதியைக் கடனுக்குக் கட்டிவிட்டு, மீதிப் பாதியில் மாதத்தை ஓட்டுவது. கூட்டங்களில் உங்களுக்குச் சிக்கனம் சொல்கிறவர்கள்தானே, நம்மால் முடியாதா என்ற நினைப்பு.

இருபத்தியோராம் நாள் காசு தீர்ந்தது. கணக்கை உட்கார்ந்து பார்த்தபோது இரண்டு பிழை தெரிந்தது.

முதல் பிழை: பணத்தை நாங்கள் பங்கிடவே இல்லை. "பார்த்துச் செலவழிப்போம்" என்று மட்டும் சொல்லிக்கொண்டோம். முதல் கிழமையில் கையில் காசு தெரிந்ததால் தாராளமாகப் போனது. ஒரு கல்யாண வீட்டு மொய், ஒரு தூரப் பயணம், கொஞ்சம் கோழி. அந்த ஏழு நாளிலேயே ஏறக்குறைய பாதி போய்விட்டது.

இரண்டாவது பிழை பெரியது. காசு இறுகியதும் முதலில் நிறுத்தியது முட்டை, பருப்பு, நெத்தலி. ரொட்டியும் சம்பலும் வயிற்றை நிரப்பியதால் யாரும் பசி என்று சொல்லவில்லை. நம்முடைய வெற்றிலையும், போன் கார்டும் நிற்கவில்லை. அடுத்த கிளினிக்கில் சின்னப் பிள்ளையை நிறுத்தபோது, வளர்ச்சி அட்டையில் கோடு கீழே இறங்கியிருந்தது. குடும்பநல உத்தியோகத்தர் எங்கள் முகத்தைப் பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. ஊருக்குச் சொல்கிற ஆள் வீட்டிலே இப்படி என்ற வெட்கம் இன்னும் இருக்கிறது.

அன்று இரவுதான் கோண்டாவில் அம்மாவின் நாலு முடிச்சு ஞாபகம் வந்தது. அடுத்த மாதம் அந்த வழியில் போனோம். கஷ்டம் தீரவில்லை. ஆனால் இருபத்தெட்டாம் நாள் அரிசி இருந்தது. மூன்று மாதத்தில் அட்டையின் கோடு திரும்ப ஏறியது.

நாம் எடுத்துக்கொள்ளும் பாடங்கள்

1. முதலில் பங்கிடுங்கள், பிறகு செலவழியுங்கள்.
சம்பளம் வந்த அன்று இரவே கணவனும் மனைவியும் சம்பளச் சீட்டோடு உட்காருங்கள். எத்தனை பேர் விழுந்திருக்கிறது, என்னென்ன பிடித்திருக்கிறார்கள் என்று பாருங்கள். சேமலாப நிதிக்கு நம் பங்கு 8 வீதம், நிர்வாகத்தின் பங்கு 12 வீதம். வாசிக்கத் தெரியாவிட்டால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளையை வாசிக்கச் சொல்லுங்கள். பிள்ளைக்கும் வீட்டு நிலை தெரியும்.

கையில் வந்த ஒவ்வொரு நூறு ரூபாவையும் இப்படிப் பிரித்துப் பாருங்கள்:

சாப்பாட்டுச் சாமான்: 55
பிள்ளைகளின் படிப்பு: 10
பழைய கடன்: 10
மின்சாரம், விறகு, சவர்க்காரம்: 8
மருந்து, பயணம்: 7
கோயில், மரணச் சபை, நல்லது கெட்டது: 5
சேமிப்பு: 5

இது சட்டம் அல்ல. கடன் கூட உள்ள வீடு, நோயாளி உள்ள வீடு தன் நிலைக்கு மாற்றிக்கொள்ளலாம். ஆனால் மாற்றுவதை முதல் நாளே மாற்றுங்கள். நடு மாதத்தில் மாற்றினால் அது பங்கீடு ஆகாது.

2. சாப்பாட்டுப் பங்கை நாலு முடிச்சாகக் கட்டுங்கள்.
ஐந்து கிழமை வருகிற மாதத்தில் ஐந்து முடிச்சு. அரிசி, மா, பருப்பு மூன்றையும் கிழமைக் கணக்கில் பிரித்து வையுங்கள். சில்லறைச் செலவுக் காசையும் அப்படியே. இந்தக் கிழமை கொஞ்சம் மிஞ்சினால் அடுத்த முடிச்சோடு சேருங்கள்.

பிடியரிசி என்று ஒரு பழக்கம் உண்டு. உலையில் போடுமுன் ஒரு பிடியை எடுத்து வேறு பானையில் போடுவது. யாழ்ப்பாணத்தில் இப்படிச் சேர்த்த அரிசி கோயிலுக்கும் பள்ளிக்கூடத்துக்கும்கூட உதவியிருக்கிறது. சின்னப் பிடி 40 கிராம் என்று வைத்தாலும், நாளுக்கு ஒரு பிடி, முப்பது நாளில் 1 கிலோ 200 கிராம். மாதக் கடைசியில் இரண்டு நாளைக்குக் கைகொடுக்கும்.

3. கிட்ட இருப்பதைப் பாருங்கள்.
அவர்களுக்குப் பனையும் முருங்கையும். மலையில் அது இல்லை. நமக்குச் சவ்சவ் கொடி இருக்கிறது, பூசணிக் கொழுந்து இருக்கிறது, வல்லாரை, பொன்னாங்காணி இருக்கிறது. பீட்ரூட் இலையையும் முள்ளங்கி இலையையும் வெட்டி எறிகிறோம். கடுகு தாளித்துச் சுண்டினால் நல்ல கறி. லயத்துப் பக்கத்தில் பாய் விரிக்கிற அளவு நிலம் இருந்தாலும் ஒரு கீரைப்பாத்தி போடலாம். நாலு கோழி வளர்த்தால் முட்டைக்குக் கடைக்குப் போக வேண்டாம்.

4. தனியாகப் போராட வேண்டாம்.
தடைக்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் போன நிவாரணச் சாமான், பலநோக்குக் கூட்டுறவுச் சங்கக் கடைகள் மூலமாகத்தான் வீட்டுக்கு வீடு போனது. வரிசையும் கார்டும் ஒழுங்காக இருந்ததால் ஏழை வீட்டுக்கும் பங்கு கிடைத்தது. நாமும் ஐந்து வீடு சேர்ந்து ஒரு மூட்டை அரிசியை டவுனில் வாங்கிப் பிரிக்கலாம். சின்னச் சின்னப் பக்கெட்டாக வாங்குவதைவிட மலிவாக வரும். கடைக் கொப்பியில் எழுதுவதை நீங்களும் ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். இரண்டு கொப்பி இருந்தால் சண்டை வராது.

5. தெரியாமல் ஒழுகும் காசைப் பிடியுங்கள்.
வெற்றிலை, சுருட்டு, போன் கார்டு, சாராயம். யாரையும் வைவதற்காகச் சொல்லவில்லை. கணக்கை மட்டும் பாருங்கள். நாளுக்கு 100 ரூபா இப்படிப் போனால் மாதம் 3,000. வருடம் 36,000. ஒரு பிள்ளைக்குச் சப்பாத்து, புத்தகப் பை, டியூசன் எல்லாம் அதற்குள் அடங்கும்.

எதைக் குறைக்கக் கூடாது?

இதை நன்றாக மனதில் வையுங்கள். ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளையின் சாப்பாடு, வயிற்றுப் பிள்ளைக்காரியின் சாப்பாடு, பால் கொடுக்கும் தாயின் சாப்பாடு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம், தொடர்ந்து குடிக்கும் மருந்து. இந்த ஐந்திலும் கை வைக்கக் கூடாது. நம்ம வீடுகளில் தாய்தான் கடைசியாகச் சாப்பிடுகிறாள், சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறாள். காலையில் மலைக்கு ஏறிக் கொழுந்து எடுப்பவளும் அவள்தான். அவள் விழுந்தால் அந்த மாதத்துப் பேரும் விழாது, அடுப்பும் எரியாது. கிளினிக்கில் கொடுக்கும் திரிபோஷவை வாங்காமல் விடாதீர்கள். யாருக்காக எழுதிக் கொடுத்தார்களோ அவருக்கே கொடுங்கள்.

ஒரு அக்கா கேட்ட கேள்வி

இந்தப் பாடத்தை ஒரு டிவிசன் கூட்டத்தில் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒரு அக்கா எழும்பினார். "ஐயா, அளக்கிறதுக்கு இருந்தாத்தானே அளக்கிறது? முடிச்சு நாலு கட்டலாம், உள்ள என்னத்த வைக்கிறது?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நமக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் கேட்டது நியாயம்.

நம் பெரியவர்களுக்கு 1973, 1974 ஞாபகம் இருக்கும். அரிசிக்கும் மாவுக்கும் தட்டுப்பாடு வந்து, தோட்டங்களில் சனங்கள் பட்டினியால் செத்தார்கள். பிச்சைக்குப் பாத்திரம் எடுத்துக்கொண்டு டவுனுக்கு இறங்கியவர்களும் உண்டு. அதே வருடங்களில் வெளிநாட்டு மிளகாயும் வெங்காயமும் வராமல் தடுக்கப்பட்டதால், யாழ்ப்பாணத்து விவசாயிக்கு நல்ல விலை கிடைத்தது. நம் ஆட்கள் ஊதாரிகள் என்றா இப்படி நடந்தது? இல்லை. அந்த விவசாயிக்குச் சொந்தமாக நிலமும் கிணறும் இருந்தது. நம் ஆட்களுக்கு லயத்து அறையும் நாட்சம்பளமும்தான் இருந்தது. கூலி குறைந்தால், அரிசி நின்றால், வேறு வழியில்லை.

ஆகவே சிக்கனம் என்பது சம்பளத்துக்குப் பதில் ஆகாது. நியாயமான கூலியைக் கேட்பதும், வீட்டுக்கும் நிலத்துக்கும் உறுதி கேட்பதும் நடக்க வேண்டும். அந்தப் பேச்சு அது பாட்டுக்கு நடக்கட்டும். அதுவரையிலும் இந்த மாதம் வருகிற காசு கடைக் கொப்பிக்குப் போகாமல் பிள்ளையின் தட்டுக்கு வர வேண்டும். நம் கையில் இருக்கிற வேலை அதுதான். அந்த அக்காவிடமும் இதைத்தான் சொன்னோம். "சரிங்க ஐயா, ரெண்டு முடிச்சுல ஆரம்பிக்கிறேன்" என்றார். நல்லது. இரண்டில் தொடங்கினாலும் தொடக்கம்தான்.

வீட்டில் செய்து பார்க்க

அடுத்த சம்பளத்திலிருந்து ஒரு மாதம் மட்டும் முயன்று பாருங்கள். ஒரு கொப்பியில் ஒவ்வொரு நாளும் வாங்கியதையும் விலையையும் எழுதுங்கள். மாதக் கடைசியில் குடும்பமாக உட்கார்ந்து இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள்:

1. எத்தனையாம் நாள் காசு தீர்ந்தது? போன மாதம் எத்தனையாம் நாள்?
2. முதல் கிழமையில் மொத்தச் செலவில் எவ்வளவு போனது?
3. கடைக் கொப்பியில் ஏறிய தொகை குறைந்ததா, கூடியதா?
4. காசு இறுகியபோது முதலில் எதை நிறுத்தினோம்? அது யாருடைய தட்டிலிருந்து போனது?
5. நம் வீட்டுப் பக்கத்தில் விளைகிற எதைச் சமைக்காமல் விடுகிறோம்?

நாலாவது கேள்விக்கு வெட்கப்படாமல் பதில் எழுதுங்கள். நாங்கள் அந்தக் கேள்வியில்தான் தோற்றோம், அதிலிருந்துதான் கற்றுக்கொண்டோம். கொப்பியோடு பிள்ளைக்காம்பராவில் நடக்கும் மாதக் கூட்டத்துக்கு வாருங்கள். கடன் எவ்வளவு என்று யாரும் கேட்க மாட்டோம். எப்படிப் பிரித்தீர்கள் என்று மட்டும் பேசுவோம். வரும்போது பழைய சீலைத் துண்டு நாலு கொண்டு வாருங்கள். முடிச்சை அங்கேயே கட்டிப் பார்க்கலாம்.